கல்லாவில் சொல்வதை எழுதி வையுங்கள்

குரும்பலூர் வட்டாரத்தில் கடையும் தொழிலும் நடத்தும் அன்பர்களுக்கு,



பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் விதைக்கடை, உரக்கடை வைத்திருப்பவர்கள், சின்ன வெங்காயம் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள், மரச்செக்கு ஆட்டுகிறவர்கள், மாட்டுத் தீவனம் விற்கிறவர்கள், தையல் கடை நடத்தும் அக்காக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் என எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். லாடபுரம், அம்மாபாளையம், செட்டிகுளம் பக்கத்துக்காரர்களும் தங்களுக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் தொழிலைப் பற்றி நீங்களே எழுதத் தொடங்குங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அடிக்கும் நோட்டீஸைச் சொல்லவில்லை. வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் தினமும் வாயால் ஒரு பதில் சொல்கிறீர்களே, அதை எழுதச் சொல்கிறேன். ஒரு கேள்வி, ஒரு பதில், கீழே தேதி. தேடுகிறவர் கண்ணில் படும்படி உங்கள் கடைப் பெயரில் இணையத்தில் ஓரிடத்தில் அவற்றைச் சேர்த்து வையுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

“எழுத்தெல்லாம் நமக்கு எங்கே வரும்?” என்று உடனே கேட்பீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐப்பசியில் நடவு முடிந்து மழை பிடித்திருக்கும் நாளில் நம் பக்கத்து விதைக்கடை எதிலாவது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கையில் ஒரு கொத்து வெங்காயச் செடியோடு ஒருவர் வருவார். கழுத்து நீண்டு, தாள் சுருண்டு, வெளிறிப் போயிருக்கும்.

“என்னைக்கு நட்டீங்க?”

“முப்பத்தஞ்சு நாளாச்சுண்ணே.”

“தண்ணி தேங்குதா? மேட்டுப்பாத்தியா, சமப்பாத்தியா?”

“சமப்பாத்திதான். வடக்கு மூலையில கொஞ்சம் நிக்கும்.”

“அந்த மூலையிலதானே முதல்ல கண்டது?”

வந்தவர் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டுவார். கடைக்காரர் செடியைத் திருப்பிப் பார்த்து, காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “இது திருகல் நோய். மருந்து தர்றேன், ஆனா அதுக்கு முன்னால தண்ணியை வடிங்க. பாதிச்ச செடியைப் பிடுங்கி வரப்புலயே போட்டுடாதீங்க, தள்ளிக் கொண்டுபோய்ப் புதைச்சிடுங்க. அடுத்த பட்டத்துக்கு இந்த வயல்ல இருந்து விதைக்காய் எடுக்காதீங்க.” அவர் போன பத்தாவது நிமிடம் இன்னொருவர் அதே போன்ற செடியோடு வருவார். அதே பேச்சு மறுபடி நடக்கும்.

இதுதான் எழுத்து. கேள்வி கேட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து, செய்ய வேண்டியதை வரிசைப்படுத்திச் சொல்லி, அடுத்த பட்டத்துக்கும் எச்சரித்து அனுப்புகிறார். படித்த கட்டுரையாளர்கள் பலருக்கும் இந்த ஒழுங்கு கைவராது. குறை ஒன்றுதான்: சொன்ன பதில் எதிரில் நின்றவர் காதோடு போய்விடுகிறது. இரவு பத்து மணிக்கு வேறொரு ஊரில் ஒருவர் கைப்பேசியில் “வெங்காயத் தாள் சுருளுது” என்று தேடினால், வெங்காயமே நட்டுப் பார்க்காத யாரோ எழுதியதுதான் அவருக்குக் கிடைக்கிறது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள உங்கள் பதில் அங்கே இல்லை.

கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பெரிய கம்பெனிக் கதை அல்ல. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மார்கஸ் ஷெரிடன் என்பவர் கூட்டாளிகளோடு வீடுகளுக்கு ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் என்ற சிறு நிறுவனம் நடத்தினார். 2008 பொருளாதாரச் சரிவில் ஆர்டர்கள் நின்றுபோய், 2009 தொடக்கத்தில் கடையை மூடும் நிலை வந்தது. விளம்பரத்துக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லை. அப்போது அவர் செய்தது, வாடிக்கையாளர்கள் அத்தனை ஆண்டுகளாகத் தன்னிடம் கேட்ட கேள்விகளைப் பட்டியல் போட்டு, இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியது மட்டும்தான். ஒரு குளம் அமைக்க எவ்வளவு ஆகும் என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அப்போது அந்தத் தொழிலில் பெரும்பாலும் யாரும் அதற்கு இணையத்தில் பதில் சொல்லவில்லை. ஷெரிடன் சொன்னார். ஒரே தொகையாகச் சொல்ல முடியாது என்பதையும், எது எது விலையைக் கூட்டும், எது குறைக்கும் என்பதையும் விளக்கினார். ஃபைபர்கிளாஸ் குளத்தில் வரக்கூடிய குறைகளையும் எழுதினார். அந்த விலைக் கட்டுரை ஒன்றே பெரும் வியாபாரத்தைக் கொண்டுவந்தது, நிறுவனமும் பிழைத்தது. தன் அனுபவத்தை 2017இல் புத்தகமாகவும் எழுதினார்.

நமக்குத் தேவையான பாடம் அந்த விலைக் கட்டுரையில் இருக்கிறது. “வெங்காய விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதை எப்படி எழுத?” என்று கேட்பீர்கள். விலையை எழுத வேண்டாம், விலை எப்படி உருவாகிறது என்பதை எழுதுங்கள். 2019 இறுதியில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, நகரத்தில் வாங்கியவர்கள் விவசாயியும் வியாபாரியும் கொள்ளை லாபம் அடிப்பதாகத்தான் நினைத்தார்கள். அறுவடை நேரத்து மழையில் காய் அழுகியது, ஏக்கருக்கு வர வேண்டிய மூட்டைகளில் எத்தனை வந்தன, பறித்துத் தாள் அறுத்து ஆய்வதற்கு என்ன கூலி, பட்டறை போட்டுச் சேமித்து வைத்த காய் நாளாக ஆக எவ்வளவு எடை இழக்கும், சாக்கும் லாரி வாடகையும் எவ்வளவு என்று இங்கிருந்து ஒருவர் எழுதியிருந்தால் அந்த எண்ணம் மாறியிருக்கும். விலை படுத்துவிட்ட ஆண்டில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் வயலிலேயே விடுவதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். உண்மைக் கணக்கை ஒருவர் திறந்து காட்டினால், அடுத்த முறை அவரிடம் விலை பேசுகிறவரின் தொனியே மாறும்.

இதெல்லாம் கணினி காலத்துப் புதுப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். கலப்பை விற்ற ஜான் டியர் நிறுவனம் 1895இல் உழவர்களுக்காக ‘தி ஃபரோ’ என்ற இதழைத் தொடங்கியது, அது இன்றும் வருகிறது. பிரான்சில் டயர் செய்த மிஷலின் சகோதரர்கள் 1900இல் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். டயரை எப்படி மாற்றுவது, வண்டியைப் பழுது பார்க்கும் இடம் எங்கே, எந்த ஊரில் தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. நாரணமங்கலத்தில் டயர் ஆலை ஓடும் நம் மாவட்டத்தில், ஊர்ச்சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தம்பியும் இதைச் செய்யலாம். டிராக்டர் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், உழவுக்கு ஒரு அளவும் சாலையில் டிரெய்லர் இழுக்க ஒரு அளவும் ஏன் என்று அவரைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இப்போது கைக்காரியத்துக்கு வருவோம். நம் கடைகள் போடும் விளம்பரங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: “தரமான பொருட்கள், நியாயமான விலை, நம்பிக்கையான சேவை.” பக்கத்துக் கடையும் எதிர்க் கடையும் இதையே போட்டிருக்கின்றன. படிப்பவருக்கு இதில் ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. வெங்காயம் அனுப்புகிற ஒருவர் அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

“சென்னையில் இருந்து பேசுகிறவர்கள் அதிகம் கேட்பது, சின்ன வெங்காயத்தை வாங்கி எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பது. அறுத்த உடனே வரும் பச்சைக் காய் அதிக நாள் தாங்காது. கழுத்து நன்றாகக் காய்ந்து, மேல்தோல் சலசலவென்று உரியும் காய்தான் நிற்கும். மூட்டையில் கைவிட்டு அடியில் இருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். ஈரமாக ஒட்டினாலோ, அழுகல் வாடை வந்தாலோ வாங்காதீர்கள், எங்களிடம் வாங்கினாலும் சரி. வீட்டுக்குக் கொண்டுபோனதும் பிளாஸ்டிக் பையில் இருந்து எடுத்துக் காற்றாடும் இடத்தில் பரப்பிவிடுங்கள். இந்த வாரம் எங்களிடம் இருப்பது பட்டறையில் வைத்திருந்த பழைய காய். புதுக்காய் வர இன்னும் சில வாரம் ஆகும். ஊறுகாய்க்கு வேண்டும் என்பவர்கள் பொறுத்திருந்து வாங்கலாம்.”

முழுக்கட்டுரை இவ்வளவுதான். இதில் தரம், நம்பிக்கை என்ற சொற்கள் இல்லை. “எங்களிடம் வாங்கினாலும் சரி” என்ற இடத்தில் நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. பொறுத்து வாங்கச் சொல்லும் வியாபாரியை வாங்குகிறவர் மறக்க மாட்டார்.

அடுத்தது, எங்கிருந்து விஷயம் எடுப்பது. ஒரு பழைய கணக்கு நோட்டைக் கல்லாவில் வையுங்கள். வருகிறவர் கேட்பதை அவர் வாயில் வந்த சொற்களிலேயே குறித்து வாருங்கள். இது முக்கியம். “தாள் சுருளுது”, “கோழிக்கால் மாதிரி ஆயிடுச்சு”, “காய் பெருக்கல”, “மோட்டார் முனகுது”, “எண்ணெய் ஏன் நுரைக்குது” என்று எப்படிக் கேட்டாரோ அப்படியே. தேடுகிறவரும் கைப்பேசியில் அப்படித்தான் தேடுவார். ஒரு மாதத்தில் நோட்டு நிறைந்துவிடும். அதிகம் பேர் கேட்டதை முதலில் எழுதுங்கள்.

காலம் பார்த்தும் எழுத வேண்டும். நமக்கு வைகாசிப் பட்டமும் ஐப்பசிப் பட்டமும் தெரியும். விதைக்காய் தேர்வு பற்றிய பதிலை நடவுக்கு ஒரு மாதம் முன்னால் போட்டால்தான் பயன். ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ விதைக்காய் வாங்கி நடுவதா, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ ஆன் 5 போல விதையாக வாங்கி நாற்று விட்டு நடுவதா என்பது ஒவ்வொரு பட்டத்திலும் வரும் கேள்வி. விதை என்றால் சில கிலோவில் முடியும், முதலீடு குறையும். ஆனால் நாற்றங்காலுக்கு நாளும் ஆளும் வேண்டும். இரண்டையும் விற்கிற கடைக்காரர், யாருக்கு எது பொருந்தும் என்று பட்சபாதம் இல்லாமல் எழுதினால் மற்ற ஊர்க்காரர்களும் தேடி வருவார்கள். மக்காச்சோளம், பருத்திக்கும் இதே வழிதான். பருத்தி ஏலத்துக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் போகிறவர், எந்த ஈரத்தில் எடுத்துப் போனால் விலை அடிபடும் என்று தெரிந்தவர். அவர் எழுத வேண்டும்.

தட்டச்சு தெரியாததைத் தடையாகச் சொல்லாதீர்கள். கைப்பேசி விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாக விழுகிறது. நம் பேச்சுவழக்கில் கொஞ்சம் தடுமாறும், திருத்திக்கொள்ளலாம். திருத்த ஆள் வேண்டுமானால் குரும்பலூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. தமிழ் படிக்கிற பிள்ளையோ வணிகவியல் படிக்கிற பிள்ளையோ மாதத்தில் சில மணி நேரம் உங்கள் கடைக்கு வந்து நீங்கள் பேசுவதை எழுதித் தரலாம். அதற்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் பேச்சைப் பாடப்புத்தகத் தமிழாக மாற்ற மட்டும் விடாதீர்கள். இப்போது கேட்ட நொடியில் கட்டுரை எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. எழுத்துப்பிழை பார்க்க அவற்றைப் பயன்படுத்துங்கள். விஷயத்தை அவற்றிடம் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், உங்களிடம் வருகிறவர் வயலின் வடக்கு மூலையில் தண்ணீர் நிற்பது அவற்றுக்குத் தெரியாது. எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்றைத்தான் அவை தரும்.

எங்கே வைப்பது என்பதில் ஒரே எச்சரிக்கை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஃபேஸ்புக்கில் போட்டதை அடுத்த ஐப்பசியில் உங்களாலேயே எளிதில் தேடி எடுக்க முடியாது. ஆகவே முதலில் நிலையான ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதன் சுட்டியை வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள். இலவசமாகப் பக்கம் தரும் சேவைகள் பல உண்டு. சொந்தப் பெயரில் முகவரி வாங்குவதும் வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். அதோடு கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைப் பதிந்து, திறக்கும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சரியாகப் போடுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.

எழுதக் கூடாதவையும் உண்டு, இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். பூச்சிமருந்தின் அளவை எழுதும்போது டப்பாவில் அச்சடித்திருப்பதற்கு மேல் ஒரு சொட்டும் கூட்டி எழுதாதீர்கள். அந்தப் பயிருக்கென்று பரிந்துரைக்காத மருந்தைச் சொல்லவும் வேண்டாம். நேரில் வந்தவரிடம் வயலைப் பற்றி நாலு கேள்வி கேட்க முடியும், படிக்கிறவரிடம் முடியாது. சந்தேகம் இருந்தால் வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். மூலிகைப் பொடியும் கஷாயமும் விற்பவர்கள், சர்க்கரை நோயைக் குணமாக்கும், புற்றுநோயைத் தீர்க்கும் என்று எழுதினால், ஆட்சேபணைக்குரிய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது தப்புதான், அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் நம் ஊர்க்காரராக இருப்பார். எண்ணெய், தின்பண்டம் விற்பவர்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பக்கத்திலேயே போடுங்கள். வாடிக்கையாளர் படத்தை அவரைக் கேட்காமல் போட வேண்டாம். எதிர்க்கடையைக் குறை சொல்லி ஒரு வரியும் வேண்டாம்.

எழுதாமல் விடுவதால் என்ன நழுவுகிறது என்று யோசிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் அரும்பாவூரை எண்ணிப் பார்க்கிறேன். பச்சைமலை அடிவாரத்தில் தலைமுறைகளாக மரச்சிற்பம் செய்கிறார்கள். ஒரே மரத்துண்டில் சாமி சிலையைச் செதுக்கி எடுக்கும் அந்த வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாள்களில் ஊர்ப்பெயர் வந்தது. அந்தச் செய்தியைப் படித்து ஒரு சிலை வாங்க நினைத்தவருக்கு எத்தனை கேள்விகள் இருந்திருக்கும்! எந்த மரம் எதற்கு ஆகும், பச்சை மரத்தை எவ்வளவு காலம் காய வைக்க வேண்டும், வெடிப்பு விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, கோயில் வாகனம் செய்யச் சொன்னால் எத்தனை மாதம் ஆகும், முன்பணம் எவ்வளவு. இவற்றுக்கெல்லாம் சிற்பியின் வாயில் பதில் இருக்கிறது. குறியீடு பெயரைக் காக்கும். வாங்குகிறவருக்கும் சிற்பிக்கும் இடையில் நிற்கும் தயக்கத்தைச் சிற்பி சொல்லும் பதில்தான் போக்கும், அதை அரசு எழுதித் தராது. செதுக்கும்போது கைப்பேசியில் எடுத்த நாலு படமும் நாலு பத்தி விளக்கமும் போதும், வெளிநாட்டில் இருக்கும் தமிழர் இடைத்தரகர் இல்லாமல் நேரே பேசுவார்.

முதல் மாதத்தில் ஒன்றும் நடக்காது. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். முதல் ஆறேழு பதில்களை வீட்டு ஆட்களும் இரண்டு நண்பர்களும்தான் படிப்பார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை அந்த நேரத்தில் பார்க்கவே வேண்டாம். வேறொன்றைப் பாருங்கள்: தொலைபேசியில் அதே கேள்வி வரும்போது, பத்து நிமிடம் பேசாமல் எழுதிவைத்த பதிலை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் எழுத்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கடையில் புதிதாகச் சேரும் பையனுக்கும் அதுவே பாடம். நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் அவன் சரியான பதில் சொல்வான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. எந்த மண்ணில் எந்தப் பட்டத்தில் எந்த நோய் வந்தது, எந்த ஆண்டு பட்டறை அமைத்தவர்கள் தப்பித்தார்கள், எந்த ஆண்டு அமைத்தும் அழுகியது என்பதெல்லாம் இந்த வட்டாரத்தில் ஐம்பது அறுபது பேர் நினைவில்தான் இருக்கிறது. அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் திருச்சியிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். தேதி போட்டு எழுதிய பதில்கள் பத்து ஆண்டு சேர்ந்தால், வெங்காயம் நடப் போகும் அடுத்த தலைமுறை புரட்டிப் பார்க்க ஒரு வட்டார ஏடு கிடைக்கும்.

ஆகவே, அன்பர்களே, இந்த வாரமே தொடங்குங்கள். இன்று கடையைச் சாத்துவதற்கு முன், காலையிலிருந்து அதிகம் பேர் கேட்ட கேள்வி எது என்று யோசித்துக் கைப்பேசியில் பதிலைப் பேசிப் பதிந்துகொள்ளுங்கள். நாளை அதை எழுத்தாக்குங்கள். போடுவதற்கு முன் உங்களிடம் நீண்ட நாளாக வாங்கும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். “நீங்க பேசுற மாதிரியே இருக்கு” என்று அவர் சொன்னால், தேதியைப் போட்டு வெளியிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து எழுத்துக்காரன்